கேம் ஒரு பக்கம், கன்வெர்ட்டர் ஒரு பக்கம்

அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்புவதில்லை. தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும்போதே, அதற்குள் இருப்பது சாதுவான எஞ்சினா, பந்தயத்துக்குத் தட்டி எழுப்பின எஞ்சினா என்று காதை வைத்தே சொல்லிவிடுவாள். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓர் அடி ஓட்டியதில்லை. "ஒவ்வொரு வண்டி வயித்துக்குள்ளயும் என்ன கிடக்குன்னு எனக்குத் தெரியும். அதான் ஏறி ஓட்ட பயமா இருக்கு" என்பாள்.

அவள் என் கூடப்பிறந்தவள் இல்லை. நான் கார் சீட் தைக்கிறவள். பெரிய தகரக் கொட்டகை ஒன்றில், வாசலை ஒட்டின மூலை என் தையல் மெஷினுக்கு. மீதி இடமெல்லாம் இரண்டு ஆண்களுடையது. ஒருவர் எஞ்சின்காரர், அக்காவின் அண்ணன். இன்னொருவர் கியர்பாக்ஸ்காரர், அக்காவின் புருஷன். கொட்டகையின் நடுவே இரும்புத் தூண்கள் நட்டு, தகரம் அடித்துத் தடுத்திருந்தார்கள். தடுப்பின் மத்தியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அந்த இடைவெளிதான் அக்காவின் இடம்.

தடுப்பு எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். சிரிப்பதற்கு முன்னால் இரண்டு சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எஞ்சினுக்குள் கேம் என்று ஒரு தண்டு உண்டு. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற கதவுகளை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று முடிவு செய்வது அதுதான். அந்த நேரத்தை டிகிரியில் அளப்பார்கள், டிகிரி கூடினால் கேம் பெரிது. கதவைக் கொஞ்ச நேரம் திறக்கிற கேம் போட்டால், வண்டி நிற்கும்போது சத்தமில்லாமல் நிற்கும், மெதுவாகப் போனாலும் இழுக்கும். அதிக நேரம் திறக்கிற பெரிய கேம் போட்டால், வேகத்தில் பேயாகப் பறக்கும், ஆனால் கீழ் வேகத்தில் சோம்பேறி. நிற்கும்போது குலுங்கிக் குலுங்கி, இப்போ சாகவா அப்புறம் சாகவா என்று கேட்கும். இந்தக் குலுங்கலுக்காகவே சில பேர் பெரிய கேம் கேட்டு வருவார்கள். ரசனை.

கன்வெர்ட்டர் என்பது ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உட்காரும் உருண்டை டப்பா. உள்ளே எண்ணெய். இந்தப் பக்கம் எஞ்சின் ஒரு வேகத்தில் சுற்றலாம், அந்தப் பக்கம் சக்கரம் நின்றுகொண்டே இருக்கலாம். நடுவில் எண்ணெய் வழுக்கிக்கொடுக்கும். சக்கரத்தை அசையவிடாமல் பிடித்துக்கொண்டால் எஞ்சின் எந்த வேகம் வரை சுற்ற முடியுமோ, அதற்கு ஸ்டால் என்று பெயர். சோம்பேறிக் கேமுக்கு உயிர் வருவது நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றில் என்றால், கன்வெர்ட்டரின் ஸ்டாலும் அதை ஒட்டி இருக்க வேண்டும். குறைவான ஸ்டால் போட்டால், எஞ்சின் எழுந்திருக்கும் முன்பே சக்கரத்தின் பாரம் அதன் கழுத்தைப் பிடித்துவிடும். கியரில் போட்டதுமே அணைந்துபோகும். ஆக, கேம் போடுகிறவரும் கன்வெர்ட்டர் கட்டுகிறவரும் பேசித்தான் ஆக வேண்டும். இந்தத் தொழிலில் வேறு வழியே கிடையாது.

இவர்கள் இருவரும் பேசமாட்டார்கள்.

முன்பு உயிருக்குயிரான சிநேகிதர்கள். கை சுத்தமான ஆள் என்று சொல்லி அண்ணன்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்தார். பிறகு ஒரு பந்தய வண்டியில் கியர்பாக்ஸ் கருகிப்போனது. அண்ணன் நாலு பேருக்கு முன்னால், "கன்வெர்ட்டர் கட்டினது சரியில்ல" என்றார். இவர் அதே நாலு பேரிடம், "கேம் சரியில்ல" என்றார். உண்மையில் இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன. ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி இரண்டும். அந்த வாரமே தகரம் ஏறிற்று. தொழிலைப் பிரிக்க முடியவில்லை, ஒருவரை நம்பி வருகிற வண்டி இன்னொருவரிடமும் போயாக வேண்டும். அதனால் பேச்சை மட்டும் பிரித்துக்கொண்டார்கள்.

அந்தப் பேச்சு முழுவதும் அக்காவின் தலையில் வந்து விழுந்தது.

"அந்தப் பெரிய மனுஷன்ட்ட கேளு, எத்தனை டிகிரி கேம் போட்டுத் தொலைச்சிருக்கார்னு" என்று புருஷன் இந்தப் பக்கம் உறுமுவார். அக்கா இடைவெளியில் போய் நின்று, "அண்ணே, கேம் எத்தனைன்னு அவர் கேக்குறார்" என்பாள். "காது கேக்குறவனா இருந்தா சத்தத்திலயே தெரியணும்னு சொல்லு. இருநூத்தி இருபது" என்று அண்ணன் சொல்வார். அவள் திரும்பி, "இருநூத்தி இருபதாம்" என்பாள். வசவை வழியிலேயே உதறிவிட்டு எண்ணை மட்டும் கொண்டுபோவாள். பகல் சாப்பாடும் அப்படியே. அண்ணனுக்கு மனைவி இல்லை, அதனால் ஒரே சமையல், இரண்டு டப்பா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தகரத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரே குழம்பைச் சாப்பிடுவார்கள். உப்பு அதிகம் என்பதை மட்டும் தனித்தனியாகச் சொல்வார்கள்.

எனக்குப் பார்க்கப் பார்க்க எரியும். "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. எப்படிக்கா தாங்குற?" என்று கேட்டிருக்கிறேன்.

"நான்தான் இந்த வீட்டு கன்வெர்ட்டர். ரெண்டும் ரெண்டு வேகத்துல சுத்தும். சூடு மட்டும் எனக்கு" என்று சிரித்தாள். மண்ணெண்ணெயில் சாமான் கழுவிக் கழுவி அவள் விரல் நுனிகள் வெள்ளையாக வெடித்திருக்கும். அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் ஒரு வண்டிக்குப் புதிதாகச் சீட் தைத்துப் போட்டால், முதல் ஆளாக அதில் ஏறி, பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். முன்சீட்டில் உட்காரமாட்டாள்.

ஒரு பல் டாக்டர் தன் பழைய எட்டு சிலிண்டர் வண்டியைக் கொண்டுவந்தார். தினமும் வேலைக்கும் போக வேண்டும், விடுமுறையில் பந்தயத் தடத்திலும் ஓட்ட வேண்டும் என்றார். அக்கா இரண்டு பக்கமும் நடந்து விஷயத்தை முடித்தாள். இருநூற்றுப் பத்து டிகிரியில் ஒரு சாதுக் கேம். அதற்கு ஏற்ற மாதிரி ஆயிரத்து எண்ணூறு ஸ்டாலில் கன்வெர்ட்டர். புருஷன் கன்வெர்ட்டரைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் வெளியூரில் இருந்த மகளுக்குப் பிரசவ வலி என்று சேதி வந்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என் மெஷின் பக்கத்தில் வந்து நின்று, கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் இல்லாதப்ப நீ நடுவுல போய் நிக்காத."

"ஏன்க்கா?"

"வேற ஆள் இல்லேன்னா பேசித்தானே ஆகணும்? பேரனோ பேத்தியோ வரப்போகுது. அது இந்தக் கொட்டகைக்கு வர்றப்ப ஒரு தாத்தா இந்தப் பக்கம், ஒரு தாத்தா அந்தப் பக்கம்னு நான் தூக்கிட்டு அலையணுமா? பேசட்டும். வீம்பு எத்தனை நாளைக்கு?"

அதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். தன் கால் இல்லாவிட்டால் அவர்கள் வாய் திறக்கும் என்று மனதார நம்பினாள். நானும் கொஞ்சம் நம்பினேன்.

அவள் போன பிறகு பல் டாக்டர் மறுபடி வந்தார். நேரே எஞ்சின் பக்கம் போனார். யாரோ ஒருவருடைய வண்டியைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். "சும்மா நின்னாலே பக்கத்துல நிக்கிறவன் நெஞ்சு அதிரணும்" என்றார். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறந்து பார்க்கிறவருக்கு இப்படி ஓர் ஆசை. எஞ்சின்காரருக்கு உள்ளூரக் குஷி. சாதுக் கேமை எடுத்துவிட்டு, இருநூற்று நாற்பத்தைந்து டிகிரியில் பெரிய கேமைப் போட்டார். அதற்கு மூவாயிரத்துக்கு மேல் ஸ்டால் வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். இன்னொன்றும் தெரியும். பிரேக்கை லேசாக மிதித்தாலே வண்டி நிற்பது எஞ்சின் உறிஞ்சுகிற காற்றின் தயவில்தான். பெரிய கேம் போட்டால் நிற்கும்போது அந்த உறிஞ்சல் குறைந்துபோகும். அதை ஈடுகட்ட பிரேக்குக்கென்று தனியாக ஒரு சின்னப் பம்பு வைப்பார்கள், அதை வைப்பது கியர்பாக்ஸ் பக்கத்து வேலை. ஒவ்வொரு தடவையும், "பம்பு வேணுமா?" என்று கேட்டுவந்து சொல்வது அக்கா.

இந்தத் தடவை சொல்ல ஆள் இல்லை. தகரத்துக்கு அந்தப் பக்கம் பத்தடி நடந்தால் போதும். நடக்கவில்லை. எஞ்சின் நின்றுவிடாமல் குலுங்குவதற்காக, வண்டி நிற்கும்போது அது சுற்றுகிற வேகத்தை, அதற்கான திருகை ஒரு சுற்று திருகி ஏற்றிவைத்தார். வண்டியை வாசல் வழியாகச் சுற்றித் தள்ளி, கியர்பாக்ஸ் பக்கம் விட்டுவிட்டு வந்தார்.

கியர்பாக்ஸ்காரர் தான் கட்டிவைத்த ஆயிரத்து எண்ணூறு ஸ்டால் கன்வெர்ட்டரை மாட்டினார். எஞ்சினைக் கிளப்பிக் கியரில் போட்டார். அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடி அணைந்தது. மூடியைத் திறந்து தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கேட்டியா?"

"என்னண்ணே?"

"இது பேசின கேம் இல்ல. பெருசு. மாத்திட்டாரு."

"அங்கதானே இருக்கார். போய் ஒரு வார்த்த கேளுங்கண்ணே."

"மாத்தினவரு வந்து சொல்லட்டும். நான் எதுக்குப் போய் நிக்கணும்? நாளைக்கு அவ வந்துடுவா. கேட்டுச் சொல்வா."

அப்போது அந்தப் பக்கம் ராவிக்கொண்டிருந்த அரம் நின்றது. எஞ்சின்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். தகரத்துக்கு வாய்தான் இல்லை, காது இரண்டு பக்கமும் உண்டு. பிறகு அரம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

கியர்பாக்ஸ்காரர், கியரில் அணையாமல் இருக்கட்டும் என்று, அதே திருகை இன்னும் ஒரு சுற்று ஏற்றினார். ஆளுக்கு ஒரு சுற்று. பேசியிருக்க வேண்டிய ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக இரண்டு திருகல்.

மறுநாள் காலையில் அக்கா வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. பெண் குழந்தை, மகளும் குழந்தையும் நலம், எல்லாம் முகத்திலேயே எழுதியிருந்தது. கைபேசியில் படத்தை எடுத்து எனக்குக் காட்டினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கோபமாக ஒரு முகம். "பாரு, எங்கண்ணன் மூக்கு. அப்பன் வீட்டு ஜாடை ஒண்ணுகூட இல்ல" என்றாள். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"பேசினாங்களா?"

"இல்லக்கா."

"ஒரு வார்த்தகூடவா?"

"இல்ல."

அவள் முகம் தொங்கிப்போனதை நான் பார்த்தேன். சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அப்புறம் அவளுக்கே உரிய பிடிவாதம் வந்துவிட்டது. நிமிர்ந்து போய் இடைவெளியில் நின்றாள். இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இந்தப் படத்த நான் தனித்தனியா காட்டமாட்டேன். ரெண்டு பேரும் இங்க வந்து சேந்து நின்னு பாருங்க. இல்லேன்னா பாக்கவே வேணாம்."

எஞ்சின்காரர் அரத்தைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். என் மூலையிலிருந்து இரண்டு பக்கமும் தெரியும். அவர் எழுந்து நடந்ததை நான் பார்த்தேன். இதை யார் கேட்டாலும் சொல்வேன். அவர் வந்துகொண்டிருந்தார்.

கியர்பாக்ஸ்காரர் வண்டிக்குள் இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் இடம் குறுகல், அதனால் வண்டிகள் எப்போதும் தடுப்பைப் பார்த்தபடிதான் நிற்கும். அவர் முகத்திலும் சிரிப்பு வந்திருந்தது. ஆனால் முந்தின நாள் முழுக்க அடக்கிவைத்த கேள்வி சிரிப்பை முந்திக்கொண்டது.

"வர்றேன் வர்றேன். முதல்ல உங்கண்ணன்ட்ட கேளு, இதுல என்ன கேம் போட்டிருக்கார்னு. இங்க பாரு, கியர்ல போட்டா என்ன கூத்து பண்ணுதுன்னு."

பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் கியரைப் போட்டார். அக்கா வண்டிக்கு முதுகைக் காட்டி, இடைவெளித் தூணில் தோளைச் சாய்த்து, அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அவர் கேக்குறார்" என்றாள்.

எஞ்சின் ஒரு நொடி செத்து எழுந்தது. அந்த ஒரு நொடியில் பிரேக்குக்கு இருந்த கொஞ்சநஞ்ச உதவியும் போயிற்று. மிதி கல்லாகிவிட்டது என்று அவர் பிறகு சொன்னார். இரண்டு திருகு ஏற்றின எஞ்சின் எழுந்த வேகத்தில், குறைவான ஸ்டாலில் கட்டின அந்தக் கன்வெர்ட்டர் ஒரு சொட்டு வழுக்கிக்கொடுக்காமல் அவ்வளவையும் சக்கரத்துக்குக் கொடுத்தது. வண்டி போனது அதிகம் இல்லை. ஒரு கட்டில் நீளம்கூட இருக்காது. அக்கா நின்றது வண்டிக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவில், அங்கே அந்த இடம்கூட இல்லை.

அவள் கத்தவில்லை. தகரம்தான் கத்தியது.

இரண்டு ஆண்களும் சேர்ந்துதான் வண்டியைப் பின்னால் தள்ளினார்கள். நான்தான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். சீட்டுக்கு வைத்திருந்த புதுத் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். ரத்தம் நிற்கவில்லை. அவள் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். என்ன என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி இட்டுக்கட்டவும் மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் அறுவை அறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு. இரண்டு பேரும் அதன் இரண்டு முனையில் உட்கார்ந்தார்கள். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். யாரோ தரையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். ரொம்ப நேரம் கழித்து எஞ்சின்காரர், தரையைப் பார்த்தபடியே, வாயைத் திறந்தார். தகரம் ஏறின பிறகு தங்கை புருஷனிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"இருநூத்தி நாப்பத்தஞ்சு போட்டேன் மாப்ள."

கியர்பாக்ஸ்காரர் தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும் மச்சான். சத்தத்துலயே தெரிஞ்சுது."

அவ்வளவுதான் பேசினார்கள். நான் அந்த இரண்டு பேரையும் அப்போது வெறுத்தேன். இப்போதும் முழுக்க விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது. கதவு திறந்து டாக்டர் வெளியே வந்து, முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

விசாரிக்க வந்தவர்கள் பிரேக் கோளாறு என்று முடித்துக்கொண்டு போனார்கள். பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. கேமும் நல்ல கேம், கன்வெர்ட்டரும் நல்ல கன்வெர்ட்டர். இரண்டு பேரும் கை சுத்தமான தொழிலாளிகள், அதிலும் சந்தேகம் இல்லை. மகள் பச்சைக் குழந்தையோடு வந்தாள். அப்பாவிடமும் பேசவில்லை, மாமனிடமும் பேசவில்லை. என்னிடம்தான் கேட்டாள்: "அம்மா படத்தக் காட்டினாங்களா?" எனக்குக் காட்டினாள் என்றேன். "அவங்க ரெண்டு பேருக்கும்?" என்றாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விட்டாள்.

பல மாதம் கொட்டகை பூட்டிக் கிடந்தது. பிறகு வயிறு என்று ஒன்று இருக்கிறதே, திறந்தார்கள். தகரத்தை எடுக்கவில்லை. வளைந்த தூண் வளைந்தபடியே நிற்கிறது. பல் டாக்டர் வண்டியை வேண்டாமென்று விட்டுவிட்டார். வேறு யாரோ அதைக் கேட்டிருக்கிறார். ஒரு நாள் மத்தியானம், நான் ஒரு பின்சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருக்கும்போது, கியர்பாக்ஸ்காரர் அந்த இடைவெளியில் போய் நின்றார். அவள் நின்ற அதே இடம்.

"மச்சான். அதே கேம்தானா?"

"அதேதான்."

"அப்ப மூவாயிரத்து இருநூறு ஸ்டால்ல கட்டுறேன்."

"கட்டு மாப்ள."

முடிந்துவிட்டது. டம்ளரில் இருந்த டீ ஆறக்கூட இல்லை. என் காலடியில் மெஷின் தானாக நின்றுவிட்டது. நான் கத்தரிக்கோலை வீசிவிட்டு எழுந்தேன்.

"இவ்வளவுதானா? இதச் சொல்லவா ஒரு மனுஷி வேணும்னு இருந்தீங்க?" என்று கேட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதை அன்று கண்ணால் பார்த்தேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் மேல் ஒருவர் பழி போடக்கூட இல்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு எஞ்சின்காரர், என்னைப் பார்க்காமல், அந்த இடைவெளி வழியாக அவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"மாப்ள, பிரேக்குக்குப் பம்பும் ஒண்ணு வச்சிடு."

"சரி மச்சான்" என்றார் அவர்.